கொல்லைப்புறத்து வானம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர், மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்வாரிய லைன்மேன்.)

வெளிநாட்டிலிருந்து தம்பி பைனாகுலர் வாங்கி வந்தான். பௌர்ணமியன்று மொட்டைமாடியில் நின்று நிலாவைப் பார்த்தேன். கண் கூசியதுதான் மிச்சம், மேடு பள்ளம் ஒன்றும் தெரியவில்லை. பைனாகுலர் மட்டமானதா சார்? (வாசகி, நீடாமங்கலம்)

தம்பி மேல் பழி போடாதீர்கள் அம்மா, நாள்தான் தப்பு. கோடை உழவு ஓட்டிய வயலை உச்சிவெயிலில் பார்த்திருப்பீர்கள், ஒரே பரப்பாகக் கிடக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு அதே வயலைப் பாருங்கள். கட்டிக்குக் கட்டி நிழல் விழுந்திருக்கும், வரப்பு தன் நிழலை நீளமாகப் போட்டுப் படுத்திருக்கும். பௌர்ணமி என்பது நமக்குத் தெரிகிற நிலாவுக்கு உச்சிவெயில் நேரம். நிழலே இருக்காது.

வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சேர்கிற கோடு இருக்கிறதே, அதன் ஓரமாக மட்டும் கண்ணை ஓட்டினால் போதும். அங்கே அப்போதுதான் பொழுது விடிகிறது. தசமி வாக்கில் கோப்பர்நிக்கஸ் என்ற பள்ளம் அந்தக் கோட்டை ஒட்டி வரும். குறுக்களவு 93 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை அதற்குள் அடங்கிவிடும்.

சில நாள் கோட்டைத் தாண்டி, இருட்டுக்குள் ஒற்றைப் புள்ளி மினுங்கும். அது மலை உச்சி. தெருவெல்லாம் இருட்டாக இருக்கும்போது கோபுரக் கலசத்தில் மட்டும் முதல் வெயில் படுமே, அந்த மாதிரி. ஓரிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் புள்ளி பெருத்திருக்கும். இதற்காக நான் எத்தனையோ நாள் சாப்பாட்டை ஆறவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். கை மட்டும் ஆடக் கூடாது. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

நாலாம் பிறை பார்க்கலாமா? (வாசகர், வலங்கைமான்)

நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு என்று என் அம்மாவும் சொல்லும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கம்பம் ஏறியவன் நான். பட்ட பாடெல்லாம் மழையாலும் காற்றாலும்தான், பிறை மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தைரியமாகப் பாருங்கள். பிறைக்குள்ளே மிச்ச நிலா சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரியும். பூமியில் பட்ட வெயில் அங்கே போய்த் திரும்பி வருகிற வெளிச்சம் அது.

திங்களூர், ஆலங்குடி, திருநள்ளாறு என்று நவக்கிரகக் கோயில் ஒன்பதுக்கும் போய்வந்தேன். வானத்தில் மட்டும் எது குரு, எது சனி என்று தெரியவில்லையே? (வாசகி, கும்பகோணம்)

வீட்டில் பஞ்சாங்கம் இருக்கிறதா? அதுவே போதும். குரு எந்த ராசியில் நிற்கிறார் என்று பாருங்கள். அப்புறம் சந்திரன் அந்த ராசிக்கு வருகிற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டேகால் நாள் அங்கே இருப்பார். அன்றைக்கு நிலாவை அண்டி, கண் சிமிட்டாமல், சுற்றுவட்டாரத்தில் எல்லாவற்றையும் விடப் பளிச்சென்று ஒன்று நிற்கும். அதுதான் குரு. சனிக்கும் இதே வழிதான், ஆள் கொஞ்சம் மங்கல், லேசான மஞ்சள். சூரியனும் அதே ராசியில் இருக்கிற மாதத்தில் மட்டும் தேடாதீர்கள், வெளிச்சத்தில் மறைந்திருப்பார்கள். பலன் கேட்காதீர்கள், எனக்குப் பார்க்கத்தான் தெரியும்.

குருவைப் பிடித்துவிட்டீர்களா, பைனாகுலரைச் சுவரோடு அழுத்திப் பிடியுங்கள். நூல் பிடித்தது போல ஒரே வரிசையில் இரண்டோ மூன்றோ நாலோ பொடிப் புள்ளிகள் தெரியும். குருவைச் சுற்றும் நிலாக்கள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததும் இவற்றைத்தான். அவற்றில் அயோ என்பது ஒரு சுற்றை 42 மணி நேரத்தில் முடித்துவிடும், கலிஸ்டோவுக்குப் பதினேழு நாள் ஆகிவிடும். அதனால் நேற்றுப் பார்த்த வரிசை இன்றைக்கு இருக்காது. என் பழைய லாக் புக்கில் மிச்சமிருந்த பக்கங்களில் தினமும் ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் புள்ளி வைத்து வருகிறேன். ‘ஃபீடர் ட்ரிப், காரணம் மரக்கிளை’ என்று ஏதோ மின்தடைக்காக எப்போதோ எழுதியதற்குக் கீழே ‘இன்று மூன்றுதான், ஒன்று பின்னால் போயிருக்கும்’ என்று இருக்கிறது.

500 மடங்கு பெரிதாகக் காட்டும் டெலஸ்கோப் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? (கல்லூரி மாணவர், திருவாரூர்)

வேண்டாம் தம்பி. முன்பக்கக் கண்ணாடியின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 60 மில்லிமீட்டர் என்றால் 120 மடங்கு, அதற்கு மேல் பெரிதாக்கினால் கலங்கல்தான். சனியின் வளையத்துக்கு 40 மடங்கே போதும். 2025-இல் வளையம் விளிம்பை மட்டும் காட்டியபடி வெறும் கோடாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு ‘தாத்தா, டெலஸ்கோப் ரிப்பேர்’ என்று போய்விட்டான். இப்போது மறுபடி விரிந்து வருகிறது. எதை வாங்கினாலும் சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

எங்கள் கொல்லைக்கு நேரே எல்.இ.டி. தெருவிளக்கு. என்ன செய்வது? (வாசகர், பாபநாசம்)

இத்தனை வருஷம் ஊரில் விளக்கு எரிய வைத்தவனிடம் கேட்கிறீர்கள்! கொடிக்கயிற்றில் பழைய போர்வையைப் போட்டு அந்தப் பக்கத்தை மறைத்துக்கொள்ளுங்கள். நிலாவுக்கும் கிரகத்துக்கும் அது போதும்.

இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது? (வாசகி, பட்டுக்கோட்டை)

நீங்கள் பட்டுக்கோட்டை என்பதால் சட்டென்று புரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. கம்பமெல்லாம் ஒடிந்து கிடந்தது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வயல் சேற்றில் நடந்து, விடியற்காலையில்தான் வீடு திரும்புவேன். பீங்கான் இன்சுலேட்டரில் விரிசல் இருக்கிறதா என்று கீழிருந்தே பார்க்க பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு பழைய 10x50 பைனாகுலர் வைத்திருந்தேன்.

ஒருநாள் கொல்லையில் கால் கழுவ உட்கார்ந்தேன். கிழக்கே ஒன்பது தென்னையும் சாய்ந்து கிடந்தன. முப்பது வருஷமாகக் கீற்று மறைத்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. ஊரில் ஒரு விளக்கு இல்லை. அங்கே விடிவெள்ளி நின்றது, அப்படி ஒரு வெளிச்சம். வானம் லேசாக வெளுக்கத் தொடங்கிய நேரம், கண் கூச்சம் குறைந்திருந்தது. கையில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் இல்லை, பிறை. நகம் வெட்டிப் போட்டது போல ஒரு குட்டிப் பிறை.

கண்ணாடியில் சேறு என்று நினைத்து வேட்டியில் துடைத்தேன். மறுபடியும் பிறைதான். அந்த மாதம் வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே கடந்துபோன கையோடு நமக்குக் கிட்டத்தில் நின்றது, வெயில் பட்ட பக்கத்தில் ஓரம் மட்டும் நமக்குத் தெரிந்தது என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு வீட்டுக்காரியைத்தான் எழுப்பினேன். அவள் பார்த்துவிட்டு, “மரம் போனதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி” என்றாள். ஆனால் பைனாகுலரைத் திருப்பித் தர வெகுநேரம் ஆனது.

அந்தப் பைனாகுலர் அடுத்த மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பிடித்துப் போனது. நம் ஊர் ஈரத்துக்குத் துணிப்பையில் வைத்தால் அப்படித்தான். இப்போது இருப்பதைச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்கிறேன். சாய்ந்த இடத்தில் மறுவருஷம் வைத்த தென்னங்கன்று ஓட்டுக்கு மேலே போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் கிழக்கு மறைந்துவிடும். நாற்காலியை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.