சாக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணி 420 ஓட்டத்தில் 1,512 யார்டு, சராசரி 3.6, அதனால் அதன் அஃபென்சிவ் லைன் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காத்து, ஓட்டத்துக்கு வழி திறக்கும் தடுப்பு வரிசை) மோசம் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் நண்பரே. இது என்எஃப்எல் (தொழில்முறை லீக்) போல் அல்ல. கல்லூரி ஆட்டத்தில் சாக்கையும் (குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் அவரைப் பின்னாலேயே வீழ்த்துவது) ஓட்டமாக எண்ணி, இழந்த யார்டை அதிலேயே கழிப்பார்கள். நீங்கள் சொன்ன 30 சாக், அதில் இழந்த 200 யார்டை நீக்கினால் 390 ஓட்டத்துக்கு 1,712 யார்டு. சராசரி 4.4, பரவாயில்லையே!

இனி அந்த 30 சாக்கையும் வீடியோவில் நேரம் குறித்துப் பாருங்கள். ஸ்னாப்பிலிருந்து (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் நொடி) 2.5 நொடிக்குள் விழுந்தால் பெரும்பாலும் லைன் தப்பு. 3.5 தாண்டினால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டே நிற்கிறார் என்று பொருள். இரண்டு பேர் ஒரே ஆளைத் தடுக்கும்போது பக்கத்தில் இன்னொருவன் சும்மா நுழைகிறானா? அது பலக்குறைவு அல்ல, யார் யாரைப் பிடிப்பது என்ற குழப்பம். லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் சைகைகளைக் கவனியுங்கள். மூன்றாம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 2 யார்டுக்குள் தேவைப்பட்ட ஓட்டங்களையும் தனியாக எண்ணிப் போடுங்கள்.