சாம்பாரில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. புதுச்சேரியில் பொறியியல் படிக்கிறான். தீபாவளிக்குப் பிறகு கல்லூரிக்கே போகவில்லை. செல்போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான். எதிர்வீட்டில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறான். அம்மா போட்ட சோற்றைத் தொடுவதில்லை, ஏதோ கலந்திருக்கிறதாம். கடையில் பிஸ்கட் வாங்கித் தின்கிறான். ராத்திரி தூக்கமே இல்லை. மேல்மலையனூருக்கு அழைத்துப் போய் வந்தோம். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. டாக்டர் என்றாலே, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துகிறான். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: கலக்காதீர்கள். சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான் உங்கள் தம்பியின் பயமே. நீங்கள் கலந்து, அது அவருக்குத் தெரிந்துவிட்டால், அந்தப் பயம் உண்மையாகிவிடும். அப்புறம் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். யாருக்கோ எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கும் மாத்திரை இவருக்கு எந்த அளவில் ஒத்துக்கொள்ளும் என்பதும் தெரியாது.

நீங்கள் எழுதியிருப்பது, எது நிஜம் எது பிரமை என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ் என்னும் மனநோயின் தொடக்கமாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன். பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். கஞ்சாவும் இதைக் கிளப்பிவிடும். அவருடைய நண்பர்களிடம் அதட்டாமல் விசாரியுங்கள். தைராய்டு, வலிப்பு, மூளையில் தொற்று போன்றவற்றாலும் இப்படி ஆகலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்வோம். "ஆயுசுக்கும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயா?" என்று இப்போதே கலங்க வேண்டாம். முதல் முறை வந்தவர்கள் எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் சிகிச்சை இல்லாமல் மாதங்கள் ஓடினால் குணமாவது கடினமாகிக்கொண்டே போகும்.

அவர் வரவில்லையா? முதலில் நீங்கள் போங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள். எப்போது தூக்கம் குறைந்தது, எப்போது குளிப்பதை விட்டார், என்னென்ன சொல்கிறார் என்பதை ஒரு நோட்டில் தேதியோடு, அவர் வார்த்தைகளிலேயே எழுதிக்கொண்டு போங்கள். பார்க்காதவருக்கு மருந்து எழுதமாட்டார்கள். ஆனாலும் அவரை எப்படி அழைத்துவருவது என்று யோசனை சொல்வார்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அவரிடம் பேசுவதற்குப் பிடி தூக்கம்தான். எதிர்வீட்டைப் பற்றி வாதாடாதீர்கள். "ஆமாம், பேசுகிறார்கள்" என்று ஒத்தும் ஊதாதீர்கள். "எனக்கு அந்தச் சத்தம் கேட்கலடா. ஆனா நீ பயந்துபோயிருக்கே, தூங்கி எத்தனை நாளாச்சு? தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்ப்போம், நான் கூட வரேன்" என்று சொல்லிப் பாருங்கள். நாலு பேர் சூழ்ந்து நின்று சொல்ல வேண்டாம். அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அந்த ஒருவர் போதும். போகிற இடம் மனநலப் பிரிவு என்பதை மறைக்காதீர்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று காரில் ஏற்றிவந்து மருத்துவமனை வாசலில் இறக்கினால், அடுத்த முறை காரிலேயே ஏறமாட்டார். சாப்பாட்டுக்கு இப்போதைக்கு முட்டையை அவரே அவித்துக்கொள்ளட்டும், வாழைப்பழத்தை அவரே உரித்துக்கொள்ளட்டும்.

சாகப்போகிறேன் என்றாலோ, கத்தியைத் தூக்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இப்படிப்பட்ட நிலையில் மருத்துவர்கள் பரிசோதித்து உறுதிசெய்தால், அவர் சம்மதிக்காவிட்டாலும் குடும்பத்தினர் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்க 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. அதே சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

அமாவாசைக்கு அங்காளம்மனைக் கும்பிடுவதால் அம்மாவுக்குத் தெம்பு வருமென்றால் போய்வரட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். பேயோட்டுகிறேன் என்று அவரை அடிக்கவோ பட்டினி போடவோ யாரையும் விடாதீர்கள். மாமாவிடம், 21 வயது ஆகாத பையனுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படியே குற்றம் என்று சொல்லிவிடுங்கள். பேச்சு அதோடு முடியும்.

மருந்து தொடங்கினால் தூக்கம் சீக்கிரம் சரியாகும். சந்தேகமும் குரல்களும் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். கை நடுக்கம், உட்கார முடியாத தவிப்பு, எடை கூடுதல் எல்லாம் வரலாம். வந்தால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். "நல்லாயிட்டான்" என்றதும் மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி வருகிறவர்கள் நிறைய. தெளிந்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும்.

கல்லூரியை விட்டு அவரை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்து இந்த செமஸ்டருக்கு விடுப்பு கேளுங்கள். அரியர் எழுதுவதை அவர் தேறிய பிறகு அவரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.