வாட்ஸ்ஆப்பில் ஓயாத பேச்சு, டிஸ்கஷன் போர்டில் ஒற்றை வரி

கேள்வி: கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் ராத்திரி பதினொரு மணி வரை பேச்சு ஓயாது. அதே 60 பேரையும் மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் டிஸ்கஷன் போர்டுக்கு வரச் சொன்னால், 'நானும் இதையே நினைக்கிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பேசாமல் குழுவிலேயே விவாதத்தை நடத்திவிடலாமா?
- ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம். குழுவில் முந்துகிறவருக்குத்தான் இடம். நாலு பேர் மளமளவென்று எழுதினால், யோசித்து எழுதுகிற பிள்ளை ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். மறுநாள் தேடினால் எந்தப் பதில் எதற்கு என்று பிரித்தெடுப்பதும் பாடு. போர்டில் கேள்விக்கு அடியிலேயே பதில்கள் கோத்துக் கிடக்கும். மூன்று நாள் கழித்து வருகிறவரும் சேர்ந்துகொள்ளலாம். வகுப்பில் வாய் திறக்கத் தயங்குகிற பிள்ளைகளுக்காகவே போர்டைக் காப்பாற்ற வேண்டும்.

போர்டு தூங்குவதற்குப் பாதிக் காரணம் கேள்விதான். 'பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு எத்தனை அடி?' என்று போட்டால், முதல் ஆள் 143 என்றதும் மீதி 59 பேருக்கு எழுத ஒன்றுமில்லை. 'கார் சாகுபடிக்குத் தண்ணீர் பத்தாத வருஷம், எல்லாக் கால்வாய்க்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதா, சில கால்வாய்க்கு மட்டும் முழுசாகத் திறப்பதா? உங்கள் ஊர் தலைமடையா, கடைமடையா என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். கன்னடியன் கால்வாயின் தலைமடைப் பிள்ளையும் கடைமடைப் பிள்ளையும் ஒரே பதிலை எழுத மாட்டார்கள்.

மீதிப் பாதி செட்டிங். மூடுலில் ஃபோரம் (டிஸ்கஷன் போர்டுக்கு அங்கே அதுதான் பெயர்) சேர்க்கும்போது 'கியூ அண்ட் ஏ' வகையைத் தேர்ந்தெடுங்கள். தன் பதிலை எழுதாதவருக்கு அடுத்தவர் பதில் தெரியாது. எழுதிய பிறகும், திருத்துவதற்கான நேரம் (வழக்கமாக 30 நிமிடம்) கழிந்த பின்தான் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 'மேடம், ஒண்ணும் காட்டல' என்று போன் வந்துகொண்டே இருக்கும். கேள்வியை ஃபோரத்தின் விளக்கப் பெட்டியில் எழுதக் கூடாது. எழுதினால் பதில் போட இடமே இருக்காது; தனி டிஸ்கஷனாகப் போட வேண்டும்.

60 பேர் எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள். பத்துப் பத்துப் பேராக ஆறு குழு பிரித்து, 'செபரேட் குரூப்ஸ்' வையுங்கள்; ஒரு குழு எழுதுவது மற்றக் குழுவுக்குத் தெரியாது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கேள்வியை 'ஆல் பார்ட்டிசிபன்ட்ஸ்' என்று போட்டால் பிள்ளைகள் படிக்கலாம், பதில் எழுத முடியாது. எல்லாக் குழுவுக்கும் நகல் போடுகிற கட்டத்தில் டிக் செய்துவிட்டுப் போடுங்கள்.

கெடு இரண்டு வேண்டும்: புதன் இரவுக்குள் சொந்தப் பதில், சனி இரவுக்குள் இரண்டு பேருக்கு மறுமொழி. ஒரே கெடு வைத்தால் எல்லாரும் கடைசி ராத்திரி வருவார்கள், மறுமொழி எழுத ஆளிருக்காது. 'அருமை' செல்லாது, ஒரு கேள்வியோ மறுப்போ இருக்க வேண்டும். புதன்கிழமைக்கு முன் நீங்கள் உங்கள் கருத்தைச் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் அதோடு பேச்சு நின்றுவிடும். வாட்ஸ்ஆப் குழுவை லிங்க் அனுப்பவும் கெடுவை ஞாபகப்படுத்தவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் கிளாஸ்ரூம் என்றால், கிளாஸ்ஒர்க்கில் 'கொஸ்டின்' போட்டு, மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதலாம் என்பதை ஆன் செய்யுங்கள். ஸ்ட்ரீமில் போட்டால் அடுத்தடுத்த அறிவிப்புகளுக்கு அடியில் போய்விடும்.

கேள்வி: குழுவில் 'ஏல, அது தப்புல' என்று எழுதிப் பழகிவிட்டது. போர்டிலும் நெல்லைத் தமிழில் எழுதலாமா?
- மாணவர், வள்ளியூர்

பதில்: ஆசிரியர் தடுக்காதவரை தாராளமாக எழுதுங்கள். 'ஏல' மட்டும் கூட்டாளிகளோடு இருக்கட்டும்; போர்டில் அதிகம் பழகாத வகுப்புத் தோழியும் படிப்பார். நேரில் 'தப்புல' என்றால் கூடவே சிரிப்பும் தெரியும், எழுத்தில் அது தெரியாது. 'நீங்க சொன்ன ரெண்டாவது காரணம் எனக்கு ஒத்துவரல, ஏன்னா...' என்று தொடங்கி, அந்த 'ஏன்னா'வுக்கு அப்புறம் இரண்டு வரியாவது எழுதுங்கள். நீளமாக எழுதுவதானால் போனின் நோட்ஸில் எழுதி ஒட்டுங்கள். நடுவில் நெட் போனாலும் எழுதியது கையில் இருக்கும்.