"ஐம் ஃபைன்"னா வேணுமா வேண்டாமா?

டீம்ல ஒருத்தர் ஹெல்ப் பண்ணவான்னு கேட்டதுக்கு நீங்க "சரி"ங்கற அர்த்தத்துல "ஐம் ஃபைன்"னு சொல்லி, அவர் பாட்டுக்கு போயிட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அவர் மேல தப்பில்லங்க. யாராவது ஏதாவது தரவா செய்யவான்னு கேக்கறப்போ ஐம் ஃபைன்னா "பரவால்ல, வேண்டாம்"னுதான் எடுத்துப்பாங்க, வேணும்னா "எஸ் ப்ளீஸ்"னு சொல்லிடுங்க. "தட்ஸ் ஃபைன்"னாதான் சம்மதம். முன்னாடி ஒரு சொல் மாறினா அர்த்தமே தலைகீழ், என்ன பாஷையோ!

ஃபைன் டஸ்ட், ஃபைன் பிரிண்ட்ல எல்லாம் "நல்ல" கிடையாது, பொடியானதுன்னு அர்த்தம். அபராதத்தையும் ஃபைன்னுதானே சொல்றோம், அதுவும் இதுவும் லத்தீன் "ஃபினிஸ்"லேர்ந்து வந்ததுதான், அதாவது முடிவு, காசு கட்டி விவகாரத்த முடிக்கறது.

அப்புறம் சண்டைக்கு நடுவுல யாராவது வெறும் "ஃபைன்"னு ஒத்த வார்த்தைல மெசேஜ் அனுப்பினா, அது ஃபைனே இல்ல.