பெட்டி வைத்தும் தோட்டத்தில் பறவைகள் கூடு கட்டவில்லையே, ஏன்?

எல்லாப் பறவையும் பெட்டிக்குள் வராது. சிட்டுக்குருவி, மைனா போன்றவை பொந்து தேடுபவை. தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் கிளையிலோ புதரிலோதான் கட்டும். அவற்றுக்காக ஒரு மூலையை வெட்டாமல் அடர்த்தியாக விட்டுவிடுங்கள், அதுவே பெரிய உதவி.

பெட்டி என்றால் வாசல் அளவு ரொம்ப முக்கியம். சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. விட்டமுள்ள துளை போதும். பெரிதாக்கினால் மைனா பிடித்துக்கொள்ளும். வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை, முட்டை திருட வருபவற்றுக்குத்தான் வசதி. உட்புறப் பலகையை இழைக்காமல் சொரசொரப்பாக விடுங்கள். குஞ்சு நகத்தால் பற்றி ஏறி வெளியே வர வேண்டுமே! தண்ணீர் வடிய அடியில் நாலு சின்னத் துளை போடுங்கள். மதிய வெயில் நேராக விழாத, பூனை எட்டாத இடமாகப் பாருங்கள்.

கூடு கட்டட்டும் என்று சிலர் நூலும் தலைமுடியும் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குஞ்சின் காலில் சுற்றி இறுகினால் அதனால் கூட்டை விட்டுக் கிளம்பவே முடியாது. காய்ந்த புல் போதும்.

அப்புறம் பூச்சிமருந்து. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். மருந்தடித்த தோட்டத்தில் கூடு இருந்தாலும் குஞ்சுக்குச் சாப்பாடு இருக்காது.

முட்டை வைத்துவிட்டால் தள்ளி நின்றே பாருங்கள். சிட்டுக்குருவி சுமார் 2 வாரம் அடைகாக்கும், குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய 2 வாரம். எல்லாம் பறந்த பிறகு பழைய கூட்டை எடுத்துவிட்டு, பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். முதல் வருஷம் காலியாகவே கிடந்தாலும் கழற்றிவிடாதீர்கள்.