சோலார் பேட்டரி வயரிங்: பிரேக்கர் எது, எங்கே, எவ்வளவு?

ரங்கூனிலும் வெளியூர்களிலும் கரண்ட் நிற்கும் நேரம் கூடக் கூட, நம் வீடுகளில் பேனலும் பேட்டரியும், இரண்டுக்கும் நடுவில் நின்று சார்ஜை அளவாக ஏற்றும் கண்ட்ரோலரும் பெருகிவிட்டன. வயரிங் பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (டல்லா): அண்ணே, கண்ட்ரோலரில் முதலில் பேனலை மாட்டுவதா, பேட்டரியையா?

பேட்டரிதான் தம்பி. அதன் வோல்டேஜைப் பார்த்துத்தான் பல கண்ட்ரோலர்கள் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தெரிந்துகொள்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலைக் கொடுத்தால் சில அங்கேயே போய்விடும். கழற்றும்போது முதலில் பேனல், அப்புறம் பேட்டரி.

கேள்வி (பெகு): தம்பி, வீட்டு போர்டில் கழற்றிய 63 ஆம்பியர் பிரேக்கர் சும்மா கிடக்கிறது. பேட்டரிக்குப் போடலாமா?

வேண்டாம் ஐயா. அது ஏசி பிரேக்கர். ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடும்; பிரேக்கர் திறக்கும்போது கிளம்பும் ஆர்க் என்ற மின்பொறி அப்போது தானாக அணைந்துவிடும். டிசியில் பூஜ்ஜியமே வராது. ஆர்க் நீண்டு எரிந்து பிரேக்கரையே உருக்கிவிடும். டிசி என்றும், எத்தனை வோல்ட் வரை என்றும் அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். அதிலும் + − குறி போட்டது ஒரு திசைக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும். பேட்டரி லைனில் கரண்ட் இரண்டு பக்கமும் ஓடலாம், அதனால் திசை பார்க்காத டிசி பிரேக்கரையே கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், கொடுக்கலாம்.

கேள்வி (தட்டோன்): அண்ணே, 40 ஆம்பியர் கண்ட்ரோலர். பிரேக்கரை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், பேட்டரி மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. சரிதானே?

சரியில்லை தங்கச்சி. நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான், எனக்கு மிகவும் பயம் தருவதும் இதுதான். பேனலை ஷார்ட் செய்தால் வழக்கமாகத் தருவதைவிடச் சற்றே கூடுதல் கரண்ட்தான் வரும். பேட்டரி அப்படியல்ல, ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அந்த மூன்று மீட்டர் கேபிளை எலி கடித்து இரண்டு வயரும் தொட்டுக்கொண்டால், அந்தப் பக்கம் இருக்கும் பிரேக்கருக்கு ஒன்றும் தெரியாது. கேபிள் பழுக்கச் சிவந்து சுவரில் தீ பிடிக்கும்.

பிரேக்கரைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் கொண்டுவாருங்கள். ஆனால் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஆகவே இரண்டையும் ஒரே மூடிய பெட்டியில் அடைக்காதீர்கள். அளவு, 40ஐ 1.25ஆல் பெருக்கி 50 ஆம்பியர். கேபிள் 16 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், வயர் முனையில் லக் (உலோக வளையம்) அடித்து நன்றாக முடுக்குங்கள். பிரேக்கர் காப்பது வயரை. அடிக்கடி விழுகிறது என்று 80 ஆம்பியர் வாங்கி மாட்டிவிடாதீர்கள், ஏன் விழுகிறது என்று பாருங்கள்.

கேள்வி (மோல்மேன்): 1000 வாட் இன்வெர்ட்டரைக் கண்ட்ரோலரின் லோட் முனையில் கொடுக்கலாமா? பேட்டரி 12 வோல்ட்.

கூடாது. 1000 வாட்டுக்கு 83 ஆம்பியர், இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 100ஐ நெருங்கும். அந்த முனை பல்பு, சின்ன ஃபேனுக்கானது. நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள்: 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், நீளம் குறைவாக, தனியாக 125 ஆம்பியர் ஃபியூஸ். லித்தியம் பேட்டரி என்றால் கிளாஸ் T வகை ஃபியூஸ்.

கேள்வி (கலோ): 24 வோல்ட் பேட்டரி, எம்பிபிடி (பேனலின் கூடிய வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்ப இறக்கித் தரும் வகை) கண்ட்ரோலரின் உச்சம் 100 வோல்ட். பேனல் ஒன்றின் ஓப்பன் வோல்டேஜ் 49. இரண்டை சீரிஸில் போட்டால் 98தானே?

அந்த 49, அதாவது பேனலை எதிலும் மாட்டாதபோது காட்டும் வோல்டேஜ், 25 டிகிரியில் எடுத்த கணக்கு. உங்கள் மலையில் மார்கழி விடியலில் 5 டிகிரி என்று வையுங்கள். ஒரு டிகிரி குறைந்தால் வோல்டேஜ் சுமார் 0.3 சதவீதம் ஏறும். 20 டிகிரிக்கு 6 சதவீதம், அதாவது 104 வோல்ட். கண்ட்ரோலர் எரியும், பிரேக்கர் விழாது, ஏனென்றால் கூடியது கரண்ட் அல்ல. பேரலலில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) போடுங்கள், வோல்டேஜ் ஒரு பேனல் அளவிலேயே நிற்கும். இரண்டு பேனலுக்குத் தனித்தனி ஃபியூஸ் தேவையில்லை. பின்னால் மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுக்கும் ஒவ்வொன்று வேண்டும்.