நன்றாகப் பேசியவர் வேலையில் ஏன் தடுமாறினார்?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மேலாளர் நான். இரண்டு ஆண்டுகளில் மூன்று மெர்ச்சன்டைசர்களை, அதாவது ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் சரக்கு அனுப்பும்வரை கவனித்துக்கொள்பவர்களை, வேலைக்கு எடுத்தேன். மூவரும் நேர்காணலில் அருமையாகப் பேசினார்கள். இருவருக்கு வேலை பிடிபடவே இல்லை. ஒருவர் நாற்பதே நாளில் நின்றுவிட்டார். மீண்டும் ஆள் எடுக்க வேண்டும். எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

பதில்: மூவரும் அருமையாகப் பேசினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்து காட்டினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கும் அரை மணி நேர உரையாடல் பேச்சுத் திறமையைத்தான் காட்டும். உங்களுக்கு வேண்டியவரோ ஷேடு அப்ரூவல் (துணியின் நிறத்துக்கு, ஆர்டர் கொடுத்த பையர் தரும் ஒப்புதல்) தாமதமானால் சாயம் போடும் டையிங் ஆலைக்கு ஓடி, அதே கையோடு பையருக்கும் உண்மையை எழுத வேண்டியவர்.

அடுத்த முறை எல்லோருக்கும் ஒரு மணி நேர வேலை கொடுங்கள். ஒரு வட்டக் கழுத்து டி-ஷர்ட்டின் அளவுத்தாள், துணி 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை), 5,000 பீஸ். எவ்வளவு துணி வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். நீளம் 72 செ.மீ., கை 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10. ஆடையைத் தட்டையாக விரித்து அளந்த மார்பு அகலம் 52, தையலுக்கு 4. ஆக 104-ஐ 56-ஆல் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்குமாக இரட்டித்தால் ஒரு பீஸுக்குச் சுமார் 210 கிராம். சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 230 கிராம், மொத்தம் ஏறத்தாழ 1,150 கிலோ. விடை சில கிலோ முன்பின் இருந்தால் பரவாயில்லை. எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

அந்தத் தாளில் வேண்டுமென்றே ஒரு பிழையும் வையுங்கள். லார்ஜ் அளவின் மார்பு, மீடியத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். நான் உடன் அமர்ந்த ஒரு நேர்காணலில், முதல் ஐந்து நிமிடம் தலை நிமிராமல் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன ஒரு பெண், தாளை வாங்கியதும் அந்த வரியில் விரலை வைத்தார். "இது தட்டச்சுப் பிழையா, அல்லது பையரிடம் கேட்டுவிட்டுத்தான் கட்டிங்குக்குக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். அவருக்கு முன் சரளமாகப் பேசிய இருவரும் அந்த வரியைக் கடந்து போயிருந்தார்கள். ஒன்று மட்டும்: இப்போது கையில் இருக்கும் உண்மையான ஆர்டரின் வேலையை விண்ணப்பித்தவர்களிடம் இப்படிச் செய்து வாங்காதீர்கள். ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் கொடுங்கள்.

கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேளுங்கள். "நெருக்கடி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எவரும் நல்ல பதிலைத்தான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்: "ஷிப்மென்ட் தேதி தவறப் போகிறது என்று கடைசியாக எப்போது தெரிந்தது? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? எத்தனை நாள் கழித்து?" நம் ஊரில் பெரும்பாலோர் "பேசினோம், சரிசெய்தோம்" என்று பன்மையில் பதில் சொல்வார்கள். அது பணிவாகவும் இருக்கலாம், மழுப்பலாகவும் இருக்கலாம். "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று பொறுமையாகக் கேட்டால் தெரிந்துவிடும். உண்மையில் செய்தவருக்கு நாள், துணி, ஆலை, யார் கத்தினார் என்பதுவரை நினைவிருக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பிற்பாடு 2002-இல் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இருபது வயதுகளில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஒரு நேர்காணல் முறை வகுத்துக் கொடுத்தார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேள்வி, ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்தது. ஆள் எப்படி என்ற ஒட்டுமொத்த எண்ணம் கடைசியில்தான். பழைய முறையைவிட அது நன்றாகக் கணித்தது. உங்களுக்கு ஐந்து போதும்: துணிக்கணக்கு, எண்களில் கவனம், எழுத்தில் தெளிவு, கெட்ட செய்தியை உடனே சொல்லும் துணிவு, பல பிரிவுகளிடம் வேலை வாங்கும் பாங்கு. உடன் அமர்பவரும் தனியாக மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளாதீர்கள். முதலாளி முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவருடைய மதிப்பெண் தானாக மாறிவிடும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. "கல்யாணம் எப்போது?", "குழந்தை பிறந்தால் வேலையைத் தொடர்வீர்களா?" என்று பெண்களிடம் கேட்பதை விடுங்கள். ஆள் சேர்ப்பில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் ஆள் சேர்ப்பில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. "சொந்த ஊரில் எந்தத் தெரு?" என்று சாதியை மோப்பம் பிடிக்கும் கேள்வி அதைவிடக் கேவலமானது. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதும் வேண்டாம். அது ஆளைப் பிடித்து வைக்காது. நல்லவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது நல்லது, ஆனால் விண்ணப்பித்தவரின் சம்மதத்தோடு. இப்போது வேலை செய்யும் நிறுவனத்துக்குத் தொலைபேசி போட்டுவிடாதீர்கள். திருப்பூரில் ஒரு பேக்கரியில் சொன்னது அடுத்த பேக்கரிக்கு டீ ஆறுவதற்குள் போய்விடும். அவருடைய இருக்கிற வேலைக்கும் ஆபத்து.

இனி, நாற்பது நாளில் போனவர். ஷிப்மென்ட் வாரத்தில் இரவு பத்து மணி ஆகும், ஞாயிற்றுக்கிழமையும் அழைப்பு வரும் என்பதை அவரிடம் முன்பே சொன்னீர்களா? தேர்ந்தெடுத்த ஆளைக் கையெழுத்துக்கு முன் அரை நாள் உற்பத்தித் தளத்தில் சுற்றவிடுங்கள். கட்டிங் மாஸ்டரோடும் இப்போதைய மெர்ச்சன்டைசரோடும் நீங்கள் இல்லாமல் பேசட்டும். பின்வாங்குகிறவர் அன்றே பின்வாங்கட்டும். போனவரையும் ஒருமுறை அழைத்து, கோபமில்லாமல், ஏன் போனார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்ட பிறகு விளம்பரத்தை எழுத உட்காருங்கள்.